தோருவின் பங்கு

நம்புங்கள் என்று யாரையும் கெஞ்சப் போவதில்லை. பேய், ஆவி என்று யாராவது பேச்செடுத்தால் முதலில் சிரிப்பவள் நான்தான். தேவாலயத்துக்குப் போவது வருடத்துக்கு ஒருமுறை, ஈஸ்டருக்கு. அதுவும் மாமியார் போன் போட்டுக் கேட்பாளே என்பதற்காக. ஆனால் இது நடந்தது. எங்கள் வீட்டுக் கூடத்தில், மூன்று வருடங்களுக்கு முன்பு, பிப்ரவரி மாதத்தில் ஒரு சனிக்கிழமை, மாலை 6:41-க்குத் தொடங்கி 8:51-க்கு முடிந்தது. இவ்வளவு துல்லியமாக நேரம் எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். கடைசியில் சொல்கிறேன். கேட்காமலே இருந்திருக்கலாம் என்று அப்போது தோன்றும்.

எங்கள் ஊர் சுச்சாவா. ருமேனியாவின் வடக்கு மூலை. நான்காவது மாடியில் வீடு. லிஃப்ட் இருக்கிறது, ஏறினவர்களை இறக்கிவிடுவதா வேண்டாமா என்பதை அதுதான் முடிவு செய்யும். என் பெயர் ரோதிக்கா, கண்ணாடிக் கடையில் வேலை. மகள் இலிங்காவுக்கு அப்போது ஒன்பது வயது. கணவன் தோரு லாரி டிரைவர். இத்தாலி, ஆஸ்திரியா, ஜெர்மனி என்று ஓடுவான். ஆறு வாரம் ரோட்டில், பத்து நாள் வீட்டில். எங்கள் தெருவில் பாதி ஆண்கள் அப்படித்தான். வீட்டில் அவர்களுடைய செருப்பு இருக்கும், அவர்கள் இருக்க மாட்டார்கள்.

சனிக்கிழமை படம் பார்க்கும் வழக்கத்தை ஆரம்பித்தவள் இலிங்கா. வாரக் கடைசியில் லாரியை எங்காவது நிறுத்தித்தான் ஆக வேண்டும், சட்டம் அப்படி. அதனால் சனிக்கிழமை மாலை ஏழு மணி எங்களுடைய நேரம். நாங்கள் டி.வி.யில் படத்தைப் போடுவோம். அதே படத்தை அவன் லாரிக்குள் தன் போனில் போடுவான். டி.வி. பக்கத்து அலமாரியில் இலிங்காவின் டேப்லெட்டைச் சாய்த்து வைத்தால் அதில் அவன் முகம் தெரியும். மூவரும் சேர்ந்து எண்ணுவோம். மூணு... ரெண்டு... ஒண்ணு... என்றதும் ஒரே சமயத்தில் பொத்தானை அமுக்க வேண்டும். அப்படியும் நெட் இழுத்துக்கொண்டு போகும். நாங்கள் சிரித்து மூன்று விநாடி கழித்துத்தான் அவன் சிரிப்பு வந்து சேரும். அதைக் கேட்டு இலிங்கா மறுபடி சிரிப்பாள். எங்கள் வீட்டில் ஒவ்வொரு நகைச்சுவைக்கும் இரண்டு சிரிப்பு.

படத்துக்குத் தகுந்த சாப்பாடு என்பது என் கிறுக்கு. கடல் கொள்ளைக்காரர் படம் என்றால் சோளக்களியைத் தீவு மாதிரி குவித்து, சுற்றிலும் தயிர்க் கடல், அதில் சுறாவாக வறுத்த சாசேஜ். நீர்மூழ்கிக் கப்பல் படத்துக்கு முட்டைக்கோஸ் இலையில் அரிசியும் இறைச்சியும் வைத்துச் சுருட்டியதையே கப்பலாக்கி, மேலே ஒரு மிளகாய்க் காம்பைக் குத்தி வைத்தேன். வேலை முடிந்து வந்து கால் வலிக்க வலிக்கச் செய்வேன். இலிங்கா என் போனில் அதையெல்லாம் வீடியோ எடுத்து அப்பாவுக்கு அனுப்புவாள். தோரு லாரியில் டின் மீனைத் தின்றுகொண்டு அதைப் பார்த்து ஏங்குவான்.

ஒரு விதி உண்டு. தோருவுக்கும் பங்கு வைக்க வேண்டும். சோபாவில் அவன் உட்காரும் ஓரத்தில், அவனுடைய நீலக் கிண்ணத்தில். படம் முடிந்ததும் இலிங்கா அதைத் தின்னலாம். "அப்பா சாப்ட்டாச்சு" என்று வாயைத் துடைத்துக்கொண்டே சொல்வாள்.

அந்த மே மாதத்தோடு அவன் லாரியை விடுவதாக இருந்தான். நகரப் பேருந்தில் வேலை கிடைத்திருந்தது. தினமும் ராத்திரி வீட்டுக்கு வருகிற வேலை. இன்னும் பதினோரு சனிக்கிழமை என்று இலிங்கா ஃப்ரிட்ஜ் கதவில் கட்டம் போட்டு ஒட்டியிருந்தாள். அந்தக் கட்டங்களை அடிப்பதுதான் அப்போது எங்கள் வீட்டின் ஒரே குறிக்கோள். அவன் வந்துவிட்டால் போதும். எனக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

அந்த வாரம் பனிமலைப் படம். மலையேறப் போன ஒருவன் பனியில் மாட்டிக்கொள்கிறான், அவனைத் தேடி ஆட்கள் வருகிறார்கள். சாப்பிட ஒரு பனிமலை வேண்டும் என்றாள் இலிங்கா. அதைக் கேட்டதும் தோருவுக்கு நாக்கில் எச்சில் ஊறிவிட்டது. எங்கள் ஊரில் கொலிவா என்று ஒரு பண்டம் உண்டு. வேகவைத்த கோதுமையில் சர்க்கரை, அக்ரூட், எலுமிச்சைத் தோல் எல்லாம் கலந்து, மேடாகக் குவித்து, மேலே சர்க்கரைப் பொடியை வெள்ளையாகத் தூவுவார்கள். பார்த்தால் பனிமலையேதான். ருசியும் அபாரம். ஒரே ஒரு சங்கடம், அதைச் செத்தவர்களுக்காக மட்டும்தான் செய்வார்கள். தோருவுக்கு அதன் மேல் உயிர். முன்பின் தெரியாதவர்கள் சாவுக்குக்கூட அதற்காகவே போய் நிற்பான். எனக்கு மானம் போகும்.

வியாழக்கிழமை போனில் கேட்டான், "வீட்ல ஒரு தடவை செய்யேன்டீ. நான் செத்தாதான் செஞ்சு போடுவியா?"

பேச்சைப் பார் என்று திட்டினேன். திட்டிவிட்டு, கோதுமையை ஊறப் போட்டேன்.

சனிக்கிழமை நான்கு மணிக்கு வேலை முடிந்து வந்தேன். மாடிப்படி முழுக்க மெழுகுவத்தி வாசனை. எவர் வீட்டிலோ கரண்ட் போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டு ஏறினேன். மூன்றாவது மாடியில் ஒரு வீட்டு வாசலில், மூடி போட்ட ஒரு கிண்ணம் தரையில் இருந்தது. அதையும் பார்த்தேன். பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை. அந்த நாள் ஒவ்வொரு வருடமும் வெவ்வேறு தேதியில் வரும். ஈஸ்டர் நோன்புக்கு முன்னால் வரும் ஒரு சனிக்கிழமை. அன்றைக்குத்தான் ஊரே செத்தவர்கள் பெயரைச் சொல்லிக் கிண்ணம் கிண்ணமாகச் சாப்பாடு கொடுக்கும். தேவாலயத்துப் பக்கம் போகிறவளாக இருந்தால் தெரிந்திருக்கும். நான்தான் போவதில்லையே.

மூன்று கிண்ணம், மூன்று மலை. சாக்லேட்டில் செய்த குட்டி மனிதன் ஒன்று இருந்தது, அதைத் தோருவின் மலையில்தான் வைக்க வேண்டும் என்றாள் இலிங்கா. அது நிற்கவே இல்லை. நிறுத்த நிறுத்தச் சாய்ந்தது. "பரவால்ல, படுத்துக்கட்டும்" என்று மலையடியில் படுக்க வைத்துவிட்டாள். நான் அதன் மேலேயும் கொஞ்சம் சர்க்கரைப் பொடி தூவினேன். தலை மட்டும் தெரிந்தது. படத்தில் மலை உச்சியில் விளக்கு எரிகிற ஒரு குடிசை வருமாம். அதற்காக உச்சியில் ஒரு பிறந்தநாள் மெழுகுவத்தியைக் குத்தி ஏற்றினாள்.

பிறகு என் போனை எடுத்து வீடியோ எடுக்க ஆரம்பித்தாள்.

அந்த நேரம் பார்த்துக் கதவைத் தட்டினார்கள். எதிர்வீட்டு சம்ஃபிரா அக்கா. தையல்காரி, காது மந்தம். என் பாவாடையைத் தைத்து எடுத்து வந்திருந்தாள். கைமாறாக எதையும் வாங்க மாட்டாள். வெறுங்கையோடு அனுப்பவும் எனக்கு மனம் வரவில்லை. என் கிண்ணத்தில் நான் ஏற்கெனவே கரண்டி வைத்துவிட்டேன், இலிங்காவினுடையதில் ஒரு ஓரம் காலி. முழுசாக இருந்தது தோருவின் கிண்ணம்தான். அவன் என்ன நேரில் வந்தா கேட்கப் போகிறான்? எடுத்து நீட்டினேன்... எரிகிற மெழுகுவத்தியோடு.

அவள் இரண்டு கையாலும் வாங்கினாள். கேட்டாள்,

"யாருக்கு?"

யாருடைய பங்கை எனக்குத் தருகிறாய் என்று கேட்கிறாள் என நினைத்தேன்.

"தோருவுக்கு" என்றேன்.

அவள் சிலுவை போட்டுக்கொண்டாள். தலையைக் குனிந்து, "பொக்தாப்ரோஸ்தெ" என்றாள்.

இந்தச் சொல்லை எங்கள் ஊரில் நினைத்தபோதெல்லாம் சொல்ல மாட்டார்கள். செத்தவருக்காகக் கொடுக்கிற சாப்பாட்டுக்கு யாரும் நன்றி சொல்வதில்லை. அதற்குப் பதிலாக இதைச் சொல்வார்கள். அந்த ஆத்மாவைக் கடவுள் மன்னிக்கட்டும் என்று பொருள். இதைச் சொல்லிவிட்டால் சாப்பாடு அவருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது என்று கணக்கு.

மெழுகுவத்தி, கிண்ணம், கொலிவா, பெயர்... எல்லாம் அப்போதுதான் ஒன்றாக உறைத்தது. பின்னால் இலிங்கா சிரித்தாள். "என்னம்மா, அப்பாவைச் சாகடிச்சுட்டீங்களா?" என்றாள்.

வாயை மூடு என்றேன். அதற்குள் எதிர்வீட்டுக் கதவு சாத்திக்கொண்டது. ஓடிப் போய்த் தட்டி, அக்கா, தப்பாகிவிட்டது, திருப்பிக் கொடுங்கள் என்று சொல்லியிருக்கலாம். கொடுத்ததைத் திரும்பக் கேட்க வெட்கமாக இருந்தது. மூடநம்பிக்கைக்காரி என்று நினைப்பாளோ என்றுகூட யோசித்தேன். வெட்கம்... அதற்காகத்தான் போகவில்லை.

சோபா ஓரத்தில் அவன் இடம் கிண்ணமில்லாமல் காலியாக இருந்தது. முதல் தடவையாக.

வழக்கமாக அவன் 6:55-க்கு அழைப்பான். அன்று 6:58.

டேப்லெட்டில் பாதி முகம்தான் தெரிந்தது. மீதி இருட்டு. ஆஸ்திரியாவில் கிராஸ் நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு லாரி நிறுத்தம், அங்கே பனி கொட்டுகிறது என்று மத்தியானமே சொல்லியிருந்தான். தொப்பியிலும் தோளிலும் பனி இருந்தது.

"லைட்டப் போடு" என்றேன்.

"போட்டுதான் இருக்கு" என்றான்.

அவன் குரலைக் கேட்டதும் எனக்கு உயிர் வந்தது. அசட்டுத்தனம் என்று என்னையே திட்டிக்கொண்டேன். எண்ணினோம். மூணு... ரெண்டு... ஒண்ணு... அவன் எண்ணவில்லை. வாய் அசையவே இல்லை. நெட் தகராறு என்று விட்டுவிட்டேன்.

7:14. படத்தில் முதல் சிரிப்புக் காட்சி. ஒருவன் தன் கம்பளிச் சட்டையைத் தலைகீழாகப் போட்டுக்கொண்டு வருகிறான். நாங்கள் சிரித்தோம்.

தோரு எங்களுக்கு முன்னாலேயே சிரித்து முடித்திருந்தான்.

மூன்று விநாடி பின்னால் வர வேண்டிய சிரிப்பு, மூன்று விநாடி முன்னால் வந்தது. அவன் சிரித்தபோது படத்தில் அந்த ஆள் கதவுக்கே வரவில்லை. இலிங்கா என்னைப் பார்த்தாள். "அப்பா முன்னாடியே போறாரு" என்றாள்.

நான் டேப்லெட்டை உற்றுப் பார்த்தேன். ஏதோ ஒன்று குறைந்த மாதிரி இருந்தது. என்னவென்று புரியக் கொஞ்ச நேரமானது. லாரியில் ஹீட்டர் ஓடுகிற சத்தம். எல்லாச் சனிக்கிழமையும் படம் முழுக்க ர்ர்ர்ர் என்று பின்னால் கேட்டுக்கொண்டே இருக்கும்.

அன்று இல்லை.

காற்றுச் சத்தம்தான் இருந்தது. உஸ்ஸ்ஸ்... என்று. வண்டிக்குள் அப்படிக் கேட்காது.

7:26. வழக்கம்போல, என்ன சாப்பிட்டாய் என்று கேட்டேன். உன் கைச் சமையல்தான் என்றான். ஜோக் அடிக்கிறான் என்று நினைத்தேன்.

"எலுமிச்சைத் தோல் கொஞ்சம் தூக்கல்டீ. அக்ரூட் ஓடு வேற ஒண்ணு பல்லுல கடிபட்டுச்சு."

என் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது. இலிங்கா என் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள்.

தோருவின் தோளைப் பார்த்தேன். அந்தப் பனி அப்படியே இருந்தது. உள்ளே வந்து அரை மணி நேரமாகிவிட்டது. உருகியிருக்க வேண்டும்.

உருகவில்லை. கூடியிருந்தது.

அப்போதே அழைப்பைத் துண்டித்துவிட்டு வேறு எவரையாவது கூப்பிட்டிருக்க வேண்டும். ஏன் செய்யவில்லை? பயம்தான். துண்டித்தால் அவன் முகம் போய்விடும். போனால் திரும்பி வராது என்று தோன்றியது. அதனால் பேசாமல் உட்கார்ந்து படம் பார்த்தேன். என் கணவனை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே.

8:10. படத்தில் அந்த மலையேறி பனியில் விழுந்து கிடக்கிறான். உச்சியில் குடிசை விளக்கு தெரிகிறது. அதுவரை போக அவனால் முடியவில்லை. இலிங்கா கேட்டாள்,

"அப்பா, அவன் பொழைப்பானா?"

"இல்ல கண்ணு. யாரும் வரல."

ஆனால் படத்தில் வந்தார்கள். எண்ணி நான்கு நிமிடத்தில், நாய்களோடு, விளக்குகளோடு வந்து அவனைத் தூக்கினார்கள். "அப்பா பொய் சொல்றாரு" என்றாள் இலிங்கா.

டேப்லெட்டைப் பார்த்தேன்.

முகம் முன்பைவிடப் பக்கத்தில் இருந்தது. வெள்ளையாக. புருவத்தில்கூடப் பனி.

8:31.

"ரோதி."

"என்ன?"

"கதவத் தெறயேன்."

"எந்தக் கதவு?"

"வண்டிக் கதவு... கை வர மாட்டேங்குது."

நான் எழுந்தேன். டேப்லெட்டைக் கையில் எடுத்தேன். என்ன ஆச்சு, எங்கே இருக்கே என்று கத்தினேன். அவன் என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் இருந்த சோபாவைப் பார்த்தான். காலியான அந்த ஓரத்தை.

டேப்லெட் கையில் ஐஸ் கட்டி மாதிரி இருந்தது...

8:50. படம் முடிந்தது. பெயர்கள் ஓடின.

"குளுருது ரோதி" என்றான்.

8:51. திரை கறுத்தது. அழைப்பு நேரம் 1:53:04 என்று காட்டியது.

அதன் பிறகு நான் விடவில்லை. 8:52-க்கு அழைத்தேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. 8:55. 9:03. 9:10. மணி அடித்துக்கொண்டே இருந்தது. அவனோடு ஓட்டுகிற நெலுவைக் கூப்பிட்டேன். நெலு அன்று அங்கிருந்து நூறு கிலோமீட்டர் தள்ளி நிறுத்தியிருந்தான். தூங்கியிருப்பான் அக்கா, இந்தக் குளிரில் யார் போன் எடுப்பார்கள், காலையில் நானே போய்ப் பார்க்கிறேன் என்றான். எனக்கும் அதை நம்ப வேண்டும் போல இருந்தது. நம்பினேன். இலிங்காவைக் கட்டிக்கொண்டு படுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை 10:20-க்கு நெலு அழைத்தான். ஹலோ என்றுகூடச் சொல்லவில்லை. அழுதான்.

தோரு லாரிக்கு வெளியே கிடந்தான். அவன் வண்டிக்கும் பக்கத்து வண்டிக்கும் நடுவில், ஓட்டுநர் கதவுக்குக் கீழே. இரவெல்லாம் பனி பெய்து மூடிவிட்டிருந்தது. வெள்ளையாக ஒரு மேடுதான் தெரிந்ததாம். தலை மட்டும் கொஞ்சம் வெளியே.

கதவு பூட்டியிருந்தது. சாவி அவன் சட்டைப் பையில். போன் உள்ளே, ஸ்டாண்டில் மாட்டியபடி. அதில் எங்கள் படம் தயாராக நின்றது, முதல் காட்சியில். ஓட ஆரம்பிக்கவே இல்லை. அழைப்புப் பட்டியலில் என்னுடைய எடுக்காத அழைப்புகள் எல்லாம் இருந்தன. மாலையில் எங்களை அழைத்ததாக ஒன்றும் இல்லை. எங்கள் டேப்லெட்டில் மட்டும் இன்னமும் இருக்கிறது. 6:58. தோரு. 1:53:04.

மாரடைப்பு என்று எழுதிக் கொடுத்தார்கள். நான் தொலைபேசியில் அந்த டாக்டரை விடாமல் பிடித்து, உடனே போயிருப்பானா என்று மட்டும் கேட்டேன். மொழிபெயர்க்க வந்த பெண் கேட்டுச் சொன்னாள். உடனே இல்லையாம். விழுந்த பிறகு இரண்டு மணி நேரம் போல உயிர் இருந்திருக்கிறது. இதயத்தில் அடைப்பு சின்னதுதான். குளிர்தான் முடித்துவிட்டது. யாராவது தூக்கியிருந்தால் பிழைத்திருப்பான்.

கதவைத் திற என்று அவன் கேட்டது 8:31-க்கு. நான் படம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடக்கத்தன்று மாமியார் பெரிய கொலிவா செய்திருந்தாள். வெள்ளை மேடு, நடுவில் மெழுகுவத்தி. என்னால் அந்தப் பக்கம் திரும்ப முடியவில்லை. சம்ஃபிரா அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். என் மாமனார் பெயரும் தோருதான், அவர் இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. கிழவருக்குத்தான் கொடுக்கிறாய் என்று நினைத்துவிட்டேன் என்றாள். அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஒன்றே ஒன்று கேட்டேன். அன்று அதை எப்போது சாப்பிட்டாள்?

ஏழரைச் செய்திக்குக் கொஞ்சம் முன்னால் என்றாள். எலுமிச்சைத் தோல் தூக்கலாக இருந்ததாம். அக்ரூட் ஓடு ஒன்று பல்லில் கடிபட்டதாம்.

நேரத்தைப் பற்றிச் சொல்கிறேன் என்றேன் அல்லவா?

அந்த லாரி நிறுத்தத்தில் ஒரு கேமரா உண்டு. அங்கே அலுவலகத் திரையில் போலீஸ் போட்டுக் காட்டியபோது நெலு தன் போனில் அதைப் பதிவு செய்துகொண்டான். எனக்கு அனுப்ப மாட்டேன் என்று ஒரு மாதம் அடம் பிடித்தான். நானும் விடவில்லை. சத்தமில்லாத படம், நாற்பது விநாடி. தோரு காப்பிக் கோப்பையோடு கழிப்பறைப் பக்கமிருந்து வருகிறான். நன்றாகத்தான் நடக்கிறான். லாரிக் கதவுக்குக் கையை நீட்டுகிறான். சட்டென்று நிற்கிறான். யாரோ பின்னாலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டது போலத் திரும்பிப் பார்க்கிறான். அங்கே யாரும் இல்லை. ஒரு விநாடி... இரண்டு... அப்படியே சரிகிறான். மூலையில் மணி 17:41. அவர்கள் ஊர் நேரம் எங்களைவிட ஒரு மணி பின்னால்.

இலிங்கா என் போனில் எடுத்த வீடியோவும் இருக்கிறது. முதலில் மூன்று மலைகள். பிறகு கதவு தட்டுகிற சத்தம், போனைப் பிடித்துக்கொண்டே எனக்குப் பின்னால் வருகிறாள். சம்ஃபிரா அக்கா, கிண்ணம், மெழுகுவத்தி. அவள் கேள்வி. என் பதில். அந்தச் சொல். கீழே மணி 18:41.

இப்போது இலிங்காவுக்குப் பன்னிரண்டு வயது. சனிக்கிழமைகளில் அவள் என் அக்கா வீட்டுக்குப் போய்விடுகிறாள். எங்கள் வீட்டில் அவள் அதன் பிறகு படமே பார்த்ததில்லை. ஃப்ரிட்ஜ் கதவில் அந்தக் கட்டங்கள் அப்படியே இருக்கின்றன. கிழிக்க இருவருக்கும் கை வரவில்லை.

நான் மட்டும் ஏழு மணிக்கு உட்காருகிறேன். டி.வி.யில் நெலு அனுப்பிய கேமராப் பதிவு. அலமாரியில் டேப்லெட்டைச் சாய்த்து, அதில் இலிங்கா எடுத்த வீடியோ. மூணு... ரெண்டு... ஒண்ணு... என்று நானே எண்ணி இரண்டையும் ஒன்றாக ஓட விடுகிறேன். இப்போது நெட் தகராறு எதுவும் இல்லை. விநாடி பிசகாமல் சேர்ந்தே ஓடுகின்றன. நான் பெயரைச் சொல்கிறேன், அவன் திரும்புகிறான். அவள் அந்தச் சொல்லைச் சொல்கிறாள், அவன் விழுகிறான்.

சில மாதங்களாக டேப்லெட்டின் சத்தத்தை நிறுத்தி வைத்திருக்கிறேன், அவன் பெயர் கேட்கக் கூடாதென்று. சம்ஃபிரா அக்காவின் உதடு "யாருக்கு" என்று அசைகிறபோது, நான் சோபாவில் அவன் இடத்தில் உட்கார்ந்தபடி, "எனக்கு" என்று உரக்கச் சொல்கிறேன். "ரோதிக்காவுக்கு. எனக்கு."

தோரு கதவுக்குக் கையை நீட்டுகிறான். நிற்கிறான்.

திரும்பிப் பார்க்கிறான்.